பனி நாட்டில் கார் வாங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் இருப்பவரிடம் கனடாவில் இருப்பவர் கார் வாங்குவதற்கு யோசனை கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கேட்கவே செய்கின்றனர். நம்மிடம் பௌதிகவியல் கற்று, இப்பொழுது ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் மனைவி மக்களுடன் வாழும் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "சேர், ஹைபிரிட் வாங்கிறதோ, பிளக்-இன் வாங்கிறதோ? இஞ்சை விக்கிறவை ஆளுக்கொரு கதை சொல்லினம். ஊரிலை அண்ணர் எண்டால் ரண்டும் வேண்டாம், பற்றரி போனால் காசு போச்சு எண்டுறார்" என்பது அவர் கேள்வி. அவருடைய மனைவி மருத்துவமனைத் தாதி. இரவுக் கடமை முடிந்து விடியற்புறத்தில் வீடு திரும்புபவர். மாரி காலத்தில் அந்நேரத்துக் குளிர் உறைநிலைக்குப் பதினைந்து, இருபது பாகை கீழே இறங்குவதும் உண்டு. வழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அக்கேள்வியின் அடியில் இருந்த கவலை.

கனடாவிலோ நோர்வேயிலோ சுவிற்சர்லாந்திலோ பிள்ளையொன்று குடியேறியிராத வீடு இன்று நம் பகுதியில் அரிது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலில் இவ்விரு வண்டிகளும் எவை என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. ஹைபிரிட் கார் நம் நாட்டுக்குப் புதியது அன்று. ரொயோட்டா நிறுவனம் 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸ் என்னும் வண்டியின் வழித்தோன்றல்கள் நம் தெருக்களில் நிறையவே ஓடுகின்றன. அதில் ஒரு பெற்றோல் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் உண்டு. பிரேக் பிடிக்கும்பொழுது வீணாகும் சக்தியை ஒரு சிறு பற்றரியில் சேர்த்து வைத்து, மீண்டும் புறப்படும்பொழுது அதனைப் பயன்படுத்துகிறது. அப்பற்றரியின் கொள்ளளவு ஓர் அலகு அல்லது இரண்டு அலகு மாத்திரமே. அலகு என்று நாம் இங்கே சொல்வது மின்சாரப் பட்டியலில் மாதந்தோறும் நாம் காணும் அதே அலகைத்தான். இவ்வண்டியைச் சுவரிலுள்ள மின்செருகியோடு இணைக்க இயலாது. வேண்டிய சக்தி முழுவதும் பெற்றோலிலிருந்தே வருகிறது.

பிளக்-இன் ஹைபிரிட் என்பது அதன் தம்பி. எஞ்சினும் மோட்டாரும் அதே முறையில்தான். பற்றரி மாத்திரம் பெரிது. பத்து முதல் இருபது அலகு வரை கொள்ளும். இரவில் வீட்டு மின்சாரத்தில் இணைத்துவிட்டால் மறுநாள் ஐம்பது, அறுபது கிலோமீற்றர் வரை பெற்றோல் தொடாமல் ஓடும். அதன் பின்னர் சாதாரண ஹைபிரிட் போல ஓடத் தொடங்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இதனைக் கேலி செய்வோரும் உளர். எஞ்சினே இல்லாத முழு மின்சாரக் கார் மூன்றாவது வகை. அதனைப் பின்னர் தொடுவோம்.

குளிர் நாட்டில் இவற்றை ஒப்பிடுவோர் முதலிற் கருத வேண்டியது வெப்பத்தை. நம் ஊரில் காருக்கு வேண்டியது ஓட்டம் ஒன்றே. அங்கே ஓட்டமும் வேண்டும், உள்ளே இருப்பவர் உறையாமல் இருப்பதற்குச் சூடும் வேண்டும். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய ஒன்பது அலகு சக்தி அடங்கியிருக்கிறது. அப்படியானால் பதினெட்டு அலகு கொள்ளும் பெரியதொரு பிளக்-இன் பற்றரி, நூற்றுக்கணக்கான இறாத்தல் எடையோடு சுமந்து திரிவது இரண்டே இரண்டு லீற்றர் பெற்றோலின் சக்தியைத்தான்! இரண்டு லீற்றருக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடுவது எவ்வாறு என்று கேட்பீர்கள். மின்மோட்டார் தான் பெறுவதில் மிகச் சிறு பங்கையே வீணாக்குகிறது. எஞ்சினோ ஊதாரி. மிகத் திறமையான பெற்றோல் எஞ்சினும் தான் எரிப்பதில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் வேலையாக மாற்றும். எஞ்சிய மூன்று பங்கும் வெப்பமாகக் கழிந்துவிடும். அக்கழிவு வெப்பத்தைத் துரத்துவதற்காகவே நம் வண்டிகளில் றேடியேற்றர் முன்னாலே நின்று பாடுபடுகிறது. பனி நாட்டில் அதே கழிவு செல்வமாகிறது. எப்படியும் வெளியே போகும் வெப்பத்தை உள்ளே திருப்பிவிட்டால் போதும். கணப்புக்கென்று தனிச் செலவு இல்லை.

மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு இந்த வசதி கிடையாது. சிக்கனக்காரன் வீட்டில் மிச்சச்சோறு இராது என்பது போல, வீணாக்காத மோட்டாரிடம் இலவசச் சூடும் இராது. கணப்புக்கு வேண்டியதையும் பற்றரியிலிருந்தே எடுக்க வேண்டும். கடுங்குளிரில் அதற்கு மணிக்கு மூன்று, நான்கு அலகு செல்வது வழக்கம். நகர நெரிசலில் முப்பது கிலோமீற்றர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடப்பதாகக் கொள்வோம். ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு அலகு. சூட்டுக்கு நான்கு அலகு. பத்து அலகு முடிந்தது. விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் தூரம் மாரியில் ஏன் காணாமற் போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

சாதாரண ஹைபிரிட் இதில் தப்பிவிடுகிறதா? முற்றாகத் தப்புவதில்லை. சமிக்ஞை விளக்கடியில் எஞ்சினை நிறுத்திச் சேமிப்பதே அதன் குணம். குளிரில் அவ்வாறு நிறுத்தினால் எஞ்சின் ஆறிவிடும். உள்ளே காற்றும் குளிர்ந்துவிடும். ஆகவே ஓட்டத்துக்குத் தேவையில்லாத வேளையிலும், சூட்டுக்காக மாத்திரம் எஞ்சின் மீண்டும் மீண்டும் கிளம்புகிறது. அமெரிக்கச் சக்தித் திணைக்களம் இதற்கு ஒரு கணக்குத் தருகிறது. உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 7 பாகையில், நகரத்துள் குறுந்தூரம் ஓடும்பொழுது, ஒரு லீற்றருக்குக் கிடைக்கும் தூரம் சாதாரணப் பெற்றோல் காருக்கு நூற்றுக்கு 15 வீதம் குறையும். ஹைபிரிட் காருக்கோ 30 முதல் 34 வீதம் வரை குறையும். இதைக் கேட்டவுடன் ஹைபிரிட்டைக் கைவிட்டு விடுவோர் அவசரக்காரர். கோடையில் நூறு கிலோமீற்றருக்கு 5 லீற்றர் குடிக்கும் ஹைபிரிட் குளிரில் ஏழரை லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக் கொண்டாலும், 9 லீற்றர் குடிக்கும் சாதாரணக் கார் அப்பொழுது பத்தரை லீற்றர் குடிக்கும். இலாபம் சுருங்குகிறது, மறையவில்லை.

இனி, மாணவரின் அண்ணர் பயமுறுத்திய பற்றரிக்கு வருவோம். அண்ணரைக் குறை கூற நாம் முன்வரவில்லை. அவருடைய அனுபவம் மெய்; ஆனால் அது வெயிலின் அனுபவம். நம் நாட்டுக்கு ஜப்பானிலிருந்து வந்த அக்குவா முதலிய வண்டிகளுட் பல, அங்கே சில ஆண்டுகள் ஓடிக் களைத்த பின்னர் வந்தவை. அவற்றின் பற்றரிக்குக் காற்றூட்டும் விசிறியும் துவாரமும் நம் தெருப் புழுதியால் அடைபடுகின்றன. முப்பது பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் ஆண்டு முழுவதும் நிற்கின்றன. பற்றரியின் ஆயுளைத் தின்பது வெப்பம். குளிர் அவ்வாறு செய்வதில்லை. குளிர் செய்வது வேறு: பற்றரிக்குள் நடைபெறும் இரசாயன மாற்றத்தை மந்தமாக்கி, உள்ளே இருக்கும் சக்தியைத் தற்காலிகமாகப் பூட்டி வைக்கிறது. சூடு ஏறியதும் பூட்டுத் திறந்துவிடும்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. உறைநிலைக்குக் கீழே இருக்கும் லிதியம் பற்றரிக்குள் மின்சாரத்தை வேகமாகத் திணித்தால், லிதியம் உரிய இடத்தினுள் நுழைய மாட்டாது மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும், அச்சேதம் நிரந்தரமானது. இதனை அறிந்தே வண்டியின் கணினி, குளிர்ந்த பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பிரேக்கிலிருந்து மீளப்பெறும் சக்தியையும் மட்டுப்படுத்துகிறது. முதல் நாட் குளிரில், கார் பழுது என்று கராஜுக்கு ஓடுவோர் பலர் கண்டது இந்தத் தற்காப்பையே.

உண்மையில் பனி நாட்டில் காலை வாரிவிடுவது பெரிய பற்றரி அன்று. பன்னிரண்டு வோல்ற்றுச் சிறு பற்றரியே. ஈய அமிலப் பற்றரியின் வலு உறைநிலைக்கு 18 பாகை கீழே பாதிக்கு மேற் குறைந்துவிடும். ஹைபிரிட் வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் எஞ்சினைச் சுழற்றும் வேலை இதற்கு இல்லை. கணினிகளை விழிக்கச் செய்வதே இதன் வேலை. ஆயினும் இது செத்துவிட்டால் அந்தப் பெரிய பற்றரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி விழிக்காது. சில நூறு டொலருக்குள் முடியும் காரியம்; இலையுதிர் காலத்திலேயே பரிசோதித்து மாற்றிவிட்டால் விடியற்காலையில் ஒரு தாதி மருத்துவமனை வாசலில் நின்று நடுங்க வேண்டியதில்லை.

பிளக்-இன் வண்டியைப் பொறுத்தவரை, பெயர் ஒன்றாயினும் குணம் இரண்டு என்பதை வாங்குவோர் அறிய வேண்டும். சில வண்டிகளில் உட்புறத்தைச் சூடாக்கும் மின்கணப்போ வெப்பப் பம்பியோ உண்டு. வெப்பப் பம்பி என்பது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்தது போன்றது: வெளிக்காற்றில் இருக்கும் சிறிதளவு வெப்பத்தையும் பற்றி உள்ளே கொண்டு வரும். இலேசான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று அலகு வெப்பம் தரும்; குளிர் கடுமையாக ஆக அதன் பலன் தேய்ந்து போகும். வேறு சில வண்டிகளிலோ மின்கணப்பு இல்லை, அல்லது போதாது. பற்றரி நிறைந்திருந்தாலும் சூட்டுக்காக எஞ்சின் கிளம்பிவிடும். 2010இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷெவ்ரலே வோல்ற் என்னும் வண்டி, நிறைய மின்சாரம் இருந்தும் கடுங்குளிரில் எஞ்சினைத் தானே கிளப்பியதால் வாங்கியவர்கள் திகைத்தனர். மூன்று கிலோமீற்றர் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் கிளம்பி, நன்றாகச் சூடேறுமுன் நிற்பது எஞ்சினுக்கும் நல்லதன்று. எண்ணெயில் ஈரமும் பெற்றோலும் கலந்து சேரும்.

ஆயினும் பிளக்-இன் வண்டிக்கு ஒரு பெரும் பேறு உண்டு. காலையில் புறப்படுமுன், வீட்டு மின்சாரத்தில் இணைந்திருக்கும்பொழுதே உட்புறத்தைச் சூடாக்கி, கண்ணாடியில் உறைந்த பனியையும் உருக்கிவிடலாம். அதற்குரிய சக்தி சுவரிலிருந்து வருகிறது, பற்றரியிலிருந்து அன்று. இருக்கையையும் சுக்கானையும் சூடாக்கும் கம்பிகள் உண்டாயின் மேலும் நன்று. முழுக் காற்றையும் சூடாக்குவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே அவற்றுக்கு ஆகும்.

ஆகவே கேள்வி வந்து நிற்குமிடம், இரவில் அந்தக் கார் எங்கே உறங்குகிறது என்பதே. இதனை நாம் மாணவரிடம் கேட்டோம். தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் என்றார். அங்கே மின்செருகி ஒன்றும் இல்லை. அப்படியானால் பிளக்-இன் என்ற பேச்சுக்கே இடமில்லை. இணைக்க இடமில்லாதவர் கையில் அது விலை கூடிய, எடை கூடிய ஒரு ஹைபிரிட், வேறொன்றுமில்லை. இது வெறும் ஊகம் அன்று. ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, வண்டிகளுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் கருவிகள் பதிந்த கணக்கைக் கொண்டு, பிளக்-இன் வண்டிகள் தெருவில் வெளிவிடும் கரியமில வாயு ஆய்வுகூடக் கணக்கைவிட மூன்றரை மடங்கு என்று காட்டியது. வாங்கியோர் எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை மின்சாரத்தில் இணைக்காமையே முதன்மையான காரணம். நிறுவனம் பெற்றோல் காசு கொடுக்கும் வண்டியை எவர்தாம் இரவில் நினைவாக இணைக்கப் போகிறார்!

தனி வீடும் கராஜும் உள்ளவர் கதை வேறு. கனடாவின் சாதாரண 120 வோல்ற்றுச் செருகி மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை அலகுதான் தரும். பதினெட்டு அலகு நிரப்பப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். மாலை ஆறு மணிக்கு இணைத்தால் காலை ஏழு மணிக்கு ஆயத்தம். உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்கு இழுப்பது போன்ற 240 வோல்ற்று இணைப்பு இருந்தால் பாதி இரவே போதும். அன்றாடப் போக்குவரத்து முப்பது, நாற்பது கிலோமீற்றருக்குள் அடங்கி, வண்டியும் மின்சாரத்தால் தன்னைச் சூடாக்குவதாயிருந்தால், அத்தகையவர் பிளக்-இன் வாங்குவதே தக்கது என்பது நம் கருத்து. மொன்றியலுக்கு நெடும்பயணம் போகும் நாளில் எஞ்சின் இருக்கிறது. கியூபெக், மனிற்றோபா மாகாணங்களில் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருவது. ஒன்ராறியோ 2014இல் நிலக்கரியை முற்றாகக் கைவிட்டது. ஆகவே புகையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கும் அங்கே மனநிறைவு உண்டு.

காரை மின்சாரத்தில் இணைப்பது அந்நாட்டுக்குப் புதுமை என்று எண்ண வேண்டாம். தை மாதச் சராசரி உறைநிலைக்கு 16 பாகை கீழே நிற்கும் வின்னிப்பெக் நகரில், பெற்றோல் கார்களின் முகப்பிலும் ஒரு மின்கயிறு தொங்கும். எஞ்சின் உறைந்து போகாமல் இரவிரவாக இளஞ்சூடு கொடுக்கும் கருவியின் கயிறு அது. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் அன்ட்ரூ ஃபிரீமன் என்பவர் இவ்வகைக் கருவி ஒன்றுக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். அதற்கென்றே தரிப்பிடங்களில் வரிசையாக மின்செருகிக் கம்பங்கள் நிற்கும். இக்கம்பங்களைக் கண்டு, கார் ஏற்றுவதற்கு இடம் கிடைத்தது என்று பிளக்-இன் வாங்கிவிடுதல் கூடாது. பல இடங்களில் அவை சில நூறு வாற்றுக் கருவிக்கென அமைந்தவை. மின்சாரத்தைச் சேமிக்க இடையிடையே தாமாக நிற்பவையும் உண்டு. கட்டட நிர்வாகியிடம் எழுத்திலே கேட்டுக்கொள்வது நலம்.

நோர்வேயில் வாழும் நம்மவர் இவ்வளவையும் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடும். அங்கே 2024இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 முழு மின்சாரக் கார்கள். இரு தோணிக்காரருக்கு அங்கே இடம் குறைந்துவிட்டது. அரசு பல்லாண்டாக வழங்கிய வரிச்சலுகையும், ஊருக்கு ஊர் நிற்கும் மின்னேற்று நிலையங்களும், வீட்டிலே நம் நாட்டைப் போன்ற 230 வோல்ற்று மின்சாரமும் சேர்ந்து செய்த காரியம் அது. குளிரில் தூரம் குறைவது அவர்களுக்கும் உண்டு. எவ்வளவு குறையும் என்பதில் அறிக்கைகள் முரண்படுவது போலத் தோன்றும்: அமெரிக்க மோட்டார்ச் சங்கம் 2019இல் கணப்பைப் போட்டுச் சோதித்தபொழுது சராசரி 41 வீதம் குறைந்தது, நோர்வே மோட்டார்ச் சங்கம் 2020இல் இருபது வண்டிகளைத் தெருவில் ஓட்டிப் பார்த்தபொழுது 18.5 வீதமே குறைந்தது. சோதனை முறைகள் வேறு. நோர்வேக்காரர் நிற்காமல் நெடுந்தூரம் ஓட்டினர். ஒரு முறை சூடேறிய வண்டியைச் சூடாக வைத்திருப்பது எளிது. நகரத்துள் ஐந்து முறை நிறுத்தி ஐந்து முறை குளிரவிடுவோருக்கு அந்த நல்ல எண் பொருந்தாது.

மாணவருக்குச் சாதாரண ஹைபிரிட்டே போதும் என்று சொன்னோம். நிலக்கீழ்த் தரிப்பிடம் வெளியைவிட இதமாயிருப்பதால் காலையில் எஞ்சின் சிரமமின்றிக் கிளம்பும். விலையில் மிஞ்சுவதில் நல்ல மாரி காலத்து ரயர் நான்கு வாங்கும்படியும் சொன்னோம். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழந்துவிடும். கியூபெக்கில் மார்கழி முதலாந் திகதியிலிருந்து மாரி ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அவ்வாறில்லாமையால் அலட்சியம் செய்வோர் மிகுதி.

எந்த வகையை வாங்கினாலும் இன்னொன்று உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் மாரியில் அங்கே தங்கும் தாய் தந்தையரும் இதை அறிந்திருத்தல் வேண்டும். ஹைபிரிட் வண்டி நிற்கும்பொழுது ஓசை இராது. அணைத்துவிட்டோம் என்று எண்ணி, பொத்தானை அழுத்த மறந்து, வீட்டோடு ஒட்டிய கராஜில் விட்டுச் செல்வோர் உளர். சற்று நேரத்தில் பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பும். மணமும் நிறமும் அற்ற காபன் மொனொக்சைட் வாயு வீட்டினுள் பரவும். சாவியைத் திருகாமல் பொத்தானால் இயங்கும் வண்டிகளால் அமெரிக்காவில் இவ்வாறு உறக்கத்திலேயே உயிர் நீத்தோர் பலர். தெருவில் பனிப்புயலில் அகப்பட்டு, சூட்டுக்காக வண்டியை இயங்கவிடுவோரும் புகைக்குழாயைப் பனி மூடாதபடி இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டோடு ஒட்டிய கராஜ் உடையவர்கள் இவ்வாயுவை அறிந்து ஒலிக்கும் கருவியை வைத்திருத்தல் சட்டம். அதன் பற்றரி உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பவர்தாம் குறைவு.

பிளக்-இன் வாங்கச் செல்வோர் விற்பவரிடம் விலைக்கு முன்னர் இதனைக் கேட்கட்டும்: பற்றரி நிறைந்திருக்கும்பொழுது, எத்தனை பாகைக்குக் கீழே இந்த வண்டியின் எஞ்சின் தானாகக் கிளம்பும்? கராஜில் நின்றபடி தொலைவிலிருந்து சூடாக்கும்பொழுதும் கிளம்புமா? தெளிவான விடை அவரிடம் கிடைக்காவிடில், வண்டியோடு வரும் கைந்நூலை வாங்கி, காசு கொடுக்குமுன் அங்கேயே இருந்து அப்பக்கத்தைப் படித்துவிடலாம்.